மஞ்சள் அட்டையின் கடைசிப் புத்தகம்

ஹோலிஸ் டிராமெல் எழுதிய புத்தகம் உலகத்தில் இரண்டே இடங்களில் இருந்தது. ஒன்று, அவருடைய கார் ஷெட்டில், பெட்டி பெட்டியாக. இன்னொன்று, வளைகுடாப் பனைச் சங்கத்தின் மஞ்சள் அட்டையில், ஒற்றை வரியாக. ஷெட்டில் இருப்பதைப் பற்றி அவர் மனைவி ஜோனெல் அடிக்கடி பேசுவார். அட்டையில் இருப்பதைப் பற்றி ஹோலிஸ் அடிக்கடி பேசுவார்.

சங்கத்தில் புதிதாகச் சேருகிற எவர் கையிலும் முதலில் திணிக்கப்படுவது அந்த மஞ்சள் அட்டைதான். பனை வளர்க்க ஆசைப்பட்டவர் எந்தெந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். முதலில் நிற்பது உலகத்துப் பனைகள் அத்தனையையும் அடக்கிய ஒரு கலைக்களஞ்சியம். எல்லோரும் அதைச் சிபாரிசு செய்வார்கள். எல்லோர் வீட்டிலும் அது உண்டு, காற்றுக் காலத்தில் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி. அடுத்தது ஒரு தாவரவியல் பேராசிரியர் எழுதியது. பாதிக்கு மேல் லத்தீன். அதைப் படித்து முடித்ததாகச் சொன்ன ஒரே ஆள் சங்கத்தின் பொருளாளர், அவர் தான் பிடித்த மீனின் நீளத்தைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார். அப்புறம் பனை நோய்களைப் பற்றிய புத்தகம். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கினால் நன்றாக இருக்கிற மரம்கூடச் சாகக் கிடப்பதுபோலத் தெரியும். எல்லாவற்றுக்கும் கீழே, அட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, கடைசியாக: ‘பனை பிழைக்கும்’ — ஹோலிஸ் டிராமெல்.

ஊர் ஊராக, வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் ஹோலிஸ். வேலைக்குப் போன காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்துப் பனைகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மறு கண்ணால் மீட்டரைப் பார்த்தவர். பார்த்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் எழுதினார். அந்த வருஷங்களில் நன்றி நாள் விருந்துக்கு வந்தவர்கள் வான்கோழியை மடியில் வைத்துத்தான் தின்றார்கள். எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. அவரே அச்சடித்தார். விற்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தமே கிடையாது. பேராசிரியரின் பெயர் இருக்கிற அட்டையில் தன் பெயரும் இருக்கிறது. அது ஒன்று போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்தார்.

ஆனால் அந்த அட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு புத்தகத்தை அதில் சேர்ப்பது சுலபம், யாராவது ஒருவர் எழுந்து நின்று நல்ல வார்த்தை சொன்னால் போதும். நீக்குவதற்கு வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. அந்தப் புத்தகம் சொன்னபடி வளர்த்துச் செத்துப்போன பனையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் மேஜைமேல் வைக்க வேண்டும். பிணம் இல்லாமல் வழக்கு இல்லை. கலிபோர்னியாக்காரர் ஒருவரின் அழகான புத்தகம் அப்படித்தான் போயிற்று. தினமும் தண்ணீர் ஊற்று என்று அவர் எழுதியிருந்தார். இங்கே தினமும் மழையே ஊற்றுகிறது. அழுகின பனையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்த அம்மாள் அன்று அழுத அழுகையில் கூடத்தில் ஒருவரும் பலகாரத்தைத் தொடவில்லை.

அந்த ஜனவரியில் குளிர் இறங்கியது. தெற்கே மரங்களிலிருந்து பச்சை ஓணான்கள் விறைத்துப் பொத்துப்பொத்தென்று விழுவதை டிவியில் காட்டினார்கள். சங்கத்து ஆட்கள் யாரும் அதை உட்கார்ந்து பார்க்கவில்லை. வீட்டுப் போர்வை, விருந்தாளிப் போர்வை, நாய்ப் போர்வை என்று கைக்கு வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹோலிஸ் வீட்டில் தென்னைக்கு ரஜாய், ஜோனெலுக்கு மேஜை விரிப்பு.

"எனக்கும் குளிருது, ஹோலிஸ்."

"உனக்கு வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு. அதுக்கு யார் இருக்கா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் கெட்டில்மன் தன் ஹேரியட்டுக்குப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தார். ஹேரியட் ஒரு பாட்டில் பனை. அடியில் பெருத்து, மேலே சிறுத்து, தலையில் நாலைந்து மட்டையோடு பெரிய தொட்டியில் நிற்பாள். ராய்ஸை வளர்த்த அத்தைக்கும் அதே பெயர், அதே உடம்பு. விதையிலிருந்து முளைக்கவைத்து, மழையில் வெளியே வைத்து, வெயிலில் நகர்த்தி, காலையில் காபியோடு வந்து அதனிடம் பேசி வளர்த்தவர் அவர். கூரை போடும் தொழிலில் நாள் முழுக்கக் கத்திக் கத்திக் கெட்டுப்போன குரல், ஹேரியட்டிடம் மட்டும் மெல்ல வரும். ஹோலிஸும் அவரும் ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். அன்றைக்கு ‘பனை பிழைக்கும்’ புத்தகத்தைத் தொட்டியோரம் விரித்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே செய்தார் ராய்ஸ். கிறிஸ்துமஸ் சரவிளக்கைத் தண்டில் சுற்றி, அதன் மேல் போர்வையைச் சுற்றி, விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்தார்.

காலையில் போர்வையைப் பிரித்தபோது ஹேரியட் ஜகஜ்ஜோதியாக ஜொலித்துக்கொண்டிருந்தாள், மட்டையெல்லாம் வெந்த கீரை நிறத்தில். ராய்ஸ் வாங்கியிருந்தது புது எல்.இ.டி. சரம். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் மின்னும், ஒரு துளி சூடு கிடையாது.

பிப்ரவரிக் கூட்டத்துக்குப் பொருள் தூக்கும் வண்டியில் ஒரு வெள்ளைத் துணி மூடிய உருவத்தைத் தள்ளிக்கொண்டு ராய்ஸ் நுழைந்தார். தேவாலயக் கூடத்தில் கியூபன் சாண்ட்விச்சும் வேகவைத்த கடலையுமாக நின்றிருந்தவர்கள் வழிவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில வாரங்களாகப் பேச்சு வராததன் அர்த்தம் ஹோலிஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

துணியை எடுத்துவிட்டு ராய்ஸ் சொன்னார்: "மிஸ் வில்லடீன், அட்டையில கடைசியா இருக்கிற புத்தகத்தை எடுத்துடணும். அதுல சொன்னதைச் சொன்னபடி செஞ்சேன். பாருங்க என் ஹேரியட்டை."

சங்கத் தலைவி வில்லடீன் க்ரோ முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கண்ணாடியைப் பார்த்தே பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொல்லக்கூடியவர். மூக்குக்கண்ணாடியை இறக்கி ஹேரியட்டைப் பார்த்தார், பிறகு ஹோலிஸைப் பார்த்தார்.

"என்ன சொல்றே, ஹோலிஸ்?"

"யோவ் ராய்ஸ், நான் சொன்னது பழைய விளக்கு. சூடாகிற விளக்கு. கை வச்சா சுடணும்."

"புத்தகத்துல எங்க அப்படிப் போட்டிருக்கு? கிறிஸ்துமஸ் விளக்குன்னுதான் போட்டிருக்கு. நான் சுத்தினது என்ன, ஈஸ்டர் விளக்கா?"

கூடத்தில் ஒருவர் சிரித்துவிட்டுக் கடலையில் புரையேறி இருமினார்.

"நான் எழுதினப்போ எல்லா விளக்கும் சுட்டுது," என்றார் ஹோலிஸ். அது உண்மைதான், ஆனால் ஹேரியட்டின் பக்கத்தில் நின்று சொல்லும்போது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது. அதனால் அவசரமாக அடுத்ததைச் சொன்னார்: "அதுவும் போக, அவ இன்னும் சாகலை."

"சாகலையா? இந்தா, இழுத்துப் பாரு." ராய்ஸ் ஹேரியட்டின் உச்சிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடு" என்று ஹோலிஸ் போட்ட சத்தத்தில் ராய்ஸே பின்வாங்கினார்.

பனைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. குளிர் அடித்த பனையைப் பார்த்தால் அவர்கள் கை தானாக அதன் நடுக்குருத்துக்குப் போகும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுப்பார்கள். குருத்து வராவிட்டால் உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்; கையோடு வந்துவிட்டால் செத்தது என்று தீர்ப்பு. சங்கத்திலும் அதுதான் சட்டம். ‘பனை பிழைக்கும்’ புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. அதன் தலைப்பு ‘கையை எடு’. அடிபட்ட பனையின் புதுக்குருத்து நூலிழையில் நிற்கும், விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் போய்விடும், ஒரு கோடை முழுக்கக் காத்திரு என்று அதில் ஹோலிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சங்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

வில்லடீன் யோசித்தார். "அப்படின்னா கோடை முடிய வேணாம், ஜூலைக் கூட்டம் வரைக்கும் பார்ப்போம். தொட்டி என் வீட்டு முற்றத்துல இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது. பச்சை தெரிஞ்சா புத்தகம் இருக்கும். இல்லேன்னா குருத்தை நானே இழுப்பேன், கையோட வந்துட்டா புத்தகம் போகும். ஹோலிஸ், நீ இப்பவே வீட்டுக்குப் போய் ஒவ்வொரு புத்தகத்துலயும் 'சுடுகிற விளக்கு'ன்னு ஒரு சீட்டு ஒட்டு."

ஒட்டினார். ஷெட்டிலிருந்த எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, பசையும் கையுமாக வாரக்கணக்கில் ஒட்டினார். விற்காத புத்தகத்துக்குத் திருத்தம் போடுகிற முதல் ஆசிரியர் நீதான் என்றார் ஜோனெல். சொன்னாரே தவிர, பாதிச் சீட்டை அவர்தான் வெட்டிக் கொடுத்தார்.

மே மாதம் வந்ததும் ஹோலிஸால் வீட்டில் இருக்க முடியவில்லை. அட்டையிலிருந்து பெயர் போய்விட்டால் அப்புறம் தான் யார் என்ற யோசனை அவரைப் பிடித்து ஆட்டியது. மீட்டர் பார்த்த ஒரு கிழவன், அவ்வளவுதான். வில்லடீன் கடைக்குப் போகிற நேரம் பார்த்து, புண்ணுக்கு ஊற்றுகிற பெராக்சைடு புட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் வீட்டுப் பின்வாசல் கதவைத் திறந்தார். குருத்து அழுகாமல் இருக்க அதை ஊற்றுவது பனைக்காரர்கள் கைவைத்தியம். தொடாமல் ஊற்றினால் தொட்டதாகாது என்று தனக்குத்தானே சட்டம் பேசிக்கொண்டே போனார்.

ஹேரியட்டின் முன்னால் ராய்ஸ் குந்தியிருந்தார். அவர் கையிலும் அதே புட்டி.

ஹோலிஸ் தன் புட்டியைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்.

"என்னய்யா, தடயத்தை அழிக்க வந்தியா?" என்றார் ஹோலிஸ்.

"எனக்கு எதுக்கு அழிக்கணும்? நான் காப்பாத்த வந்தேன்."

"காப்பாத்தினா நீ தோத்துடுவே."

"தெரியும்." ராய்ஸ் புட்டியின் மூடியைத் திருகித் திருகித் திறந்து, மறுபடி மூடினார். "உன் புத்தகம் ஒழியணும்னுதான் இருக்கு, ஹோலிஸ். அந்த ஜனவரி காலையில போர்வையைப் பிரிச்சப்ப எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, உன் ஷெட்டையே கொளுத்தியிருப்பேன். ஆனா இவ பிழைக்கணும்னும் இருக்கு. காலையில காபியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், பேச ஆள் இல்லை."

"வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேனே."

"நீ பதில் பேசுவே. அவ பேச மாட்டா."

ஹோலிஸுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் பக்கத்தில் குந்தினார். இரண்டு புட்டியில் யாருடையதை ஊற்றுவது என்று சண்டை போட்டு, கடைசியில் பாதிப் பாதியாக ஊற்றினார்கள். வில்லடீனின் கார் வருகிற சத்தம் கேட்டதும் இரண்டு கிழவர்களும் வேலி தாண்டி ஓட முயன்றதில், ராய்ஸின் கால்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அதன் துண்டை வில்லடீன் எடுத்துக் கழுவி வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

ஜூலைக் கூட்டத்துக்குச் சங்கமே திரண்டு வந்தது. வில்லடீன் தொட்டியைத் தன் பழைய நண்பரின் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கச் சொன்னார். காய்ந்த மட்டைகளின் நடுவே, உச்சியில், விரல் நீளத்துக்கு இளம்பச்சையாக ஒரு குருத்து நின்றது.

ராய்ஸ் கிட்டே வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "வழக்கை வாபஸ் வாங்கிக்கிறேன், மிஸ் வில்லடீன்" என்று சொல்லிவிட்டு, தொப்பியால் முகத்தைத் துடைப்பதுபோல வெகுநேரம் முகத்தை மறைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ ஒரு அம்மாள் ஹோலிஸின் கையில் எலுமிச்சை இனிப்பின் பெரிய துண்டைத் திணித்தார்.

அந்த நிமிஷத்தோடு ஹோலிஸ் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் வில்லடீன், "ஹோலிஸ், அந்த 'கையை எடு' அத்தியாயத்தைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன். புதுசா சேர்ந்தவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டுவிட்டார். புத்தகம் வந்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இனிப்பை ஜோனெலிடம் கொடுத்துவிட்டு ஹேரியட்டின் பக்கத்தில் போய் நின்றார். இடது கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையைத் தொட்டியின்மேல் சாதாரணமாக வைத்தார்.

"'பொறுமை இல்லாதவன் பனை வளர்க்கக் கூடாது,'" என்று தொடங்கினார். குரல் நன்றாகவே வந்தது. "'குளிருக்குப் பிறகு வருகிற முதல் குருத்தைப் பார்க்கும்போது உங்கள் கை பரபரக்கும். உயிர் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை இழுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும். இழுக்காதீர்கள். இழுக்கிறவன் தோட்டக்காரன் இல்லை, வெட்டியான்.'"

ஜோனெல் முன்வரிசையிலிருந்து தலையை ஆட்டி ஆட்டி ஏதோ ஜாடை காட்டினார். வாசிப்பு பிரமாதம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்ட ஹோலிஸ், இன்னும் உணர்ச்சியோடு இடது கட்டைவிரலாலேயே பக்கத்தைத் திருப்பினார். அவருடைய வலது கை தொட்டியை விட்டு எப்போது மேலே போயிற்று என்பது அவருக்கே தெரியாது. கூடத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது அவர்கள் எல்லோருடைய கையும் போயிருக்கிற வழி, அதனால் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"'கையை எடுங்கள்,'" என்று வாசித்து முடித்துக் கையை எடுத்தார் ஹோலிஸ். விரல்களுக்கு நடுவே குருத்தும் கூடவே வந்தது.

ஹோலிஸ் குருத்தைப் பார்த்தார். அதன் அடி வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் குருத்தை மறுபடி உச்சியில் செருகப் பார்த்தார். அது நிற்காமல் சாய்ந்தது. இன்னொரு தடவையும் செருகினார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க ஜோனெலாலேயே முடியவில்லை.

வில்லடீன் தொண்டையைச் செருமினார். "குருத்து கையோட வந்துடுச்சு. நம்ம சட்டப்படி செத்ததுன்னு அர்த்தம். ராய்ஸ், நீ வாபஸ் வாங்கினதைத் திரும்பப் போட்டுக்கலாம். புத்தகத்தை எடுத்துடச் சொல்றியா?"

ராய்ஸ் மேஜைக்கு வந்தார். ஹேரியட்டைப் பார்த்தார், அந்தப் பார்வையை ஹோலிஸால் தாங்க முடியவில்லை. பிறகு மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, ஹோலிஸ் இப்போது வாசித்த பக்கத்தை, உதடு அசைய, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இல்ல, மிஸ் வில்லடீன்," என்றார். "புத்தகம் சரியாத்தான் சொல்லுது. கையை எடுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எழுதின கழுதைதான் படிக்கலை."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பொருளாளர் சிரித்ததில் நாற்காலி கவிழ்ந்தது. ஹோலிஸும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு; அது சிரிப்பால் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"புத்தகம் இருக்கட்டும்," என்றார் ராய்ஸ். "ஆனா அட்டையில அந்தப் பேருக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை சேர்க்கணும். 'எல்லாரும் படிக்க வேண்டியது, எழுதியவர் உட்பட.' அப்புறம், ஹேரியட் இவன் வீட்டுக்குப் போகட்டும். கெடுத்தவனே பார்த்துக்கட்டும்."

சேர்த்தார்கள். இன்றைக்கும் அந்த அட்டையில் அந்த வார்த்தை இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் வேறு எந்தப் புத்தகத்தையும் கேட்காமல் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஷெட்டில் ஒரு பெட்டி காலியாகிவிட்டது. பேராசிரியருக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிற பெருமையை ஹோலிஸ் இப்போதெல்லாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஹேரியட் வேலியோரமாக, ஹோலிஸின் பக்கத்தில் நின்றாள். ராய்ஸ் தினமும் காபியோடு வந்து வேலிமேல் சாய்ந்துகொண்டு அவளிடம் பேசுவார். ஹோலிஸ் பதில் பேசாமல் இருக்கப் பழகினார். அது குருத்தைத் தொடாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆகஸ்ட் போய், செப்டம்பரில் ஒரு புயல் வந்து போய், அக்டோபர் வெயில் சாய ஆரம்பித்தபோது, ஒரு காலை ராய்ஸ் பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினார்.

"ஹோலிஸ். உச்சியில ஏதோ பச்சையா தெரியுதே."

"தெரியுது."

"எத்தனை நாளா தெரியுது?"

"நாலு நாளா."

"கையை வச்சியா?"

வாசற்படியிலிருந்து ஜோனெல்தான் பதில் சொன்னார்.

"எங்கேர்ந்து தொடுவான். நாலு நாளா நான்தான் ஊட்டி விடறேன்."

அப்போதுதான் ராய்ஸ் கவனித்தார். ஹோலிஸின் இரண்டு கையிலும் சூட்டுப் பாத்திரம் தூக்குகிற தடித்த சமையல் கையுறைகள். மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தால், சுடாத வகை.